ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம்: மருத்துவமனைப் பயிற்சியும் சிகிச்சை விதிகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டு சிஸ்டராக எட்டு வருடம் இருந்தேன். அதன் பிறகு குவாலிட்டி பிரிவுக்கு மாற்றினார்கள், இன்னும் அங்கேதான். எல்லாமே நூறு படுக்கைக்கு உட்பட்ட தனியார் மருத்துவமனைகள். மருத்துவமனைத் தர அங்கீகாரமான என்.ஏ.பி.எச்.-க்கான ஆய்வுத் தேதி நெருங்கினால் பழைய தோழிகள், அவர்களுடைய இன்சார்ஜ்கள், சில சமயம் நிர்வாக இயக்குநர்களான எம்.டி.க்களே போன் செய்வார்கள். ஊர்தான் மாறும், கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என்.ஏ.பி.எச். என்பது சட்டமா? வாங்காவிட்டால் மூடிவிடுவார்களா?

சட்டம் இல்லை. இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் ஒரு வாரியம் தரும் அங்கீகாரம் அது. விருப்பம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்டாயமானவை வேறு: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன்படி பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அனுமதி, தீயணைப்புத் துறை உரிமம், எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அல்ட்ராசவுண்ட் இருந்தால் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப் பதிவு.

“நாங்கள்தான் என்.ஏ.பி.எச். போகவில்லையே, எங்களுக்கு எதற்குப் பயிற்சி?” என்று சில நிர்வாகிகள் கேட்பார்கள். கட்டாயச் சட்டங்களுக்குள்ளேயே பயிற்சி இருக்கிறது. 2016-இன் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போது ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்கிறது. மஞ்சள் காமாலை பி வகைக்கும் டெட்டனஸுக்கும் தடுப்பூசி, ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை ஆகியவையும் அதிலேயே உண்டு. பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கும் இது பொருந்தும்.

மொத்தம் எத்தனை விதிகள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

என்.ஏ.பி.எச். தர விதிகளின் 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 10 அத்தியாயம், 100 தரம், 651 சரிபார்ப்புக் கூறுகள் இருந்தன. 2025-இன் ஆறாம் பதிப்பில் அந்தக் கூறுகள் 639 ஆயின. நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது பூஜ்யம். வார்டு சிஸ்டருக்கு அவருடைய வார்டு வேலை தெரிந்தால் போதும். அத்தியாய எண்ணை நினைவு வைப்பது என்னைப் போன்றவர்களின் பாடு.

கட்டாயம் நடத்த வேண்டிய பயிற்சிகள் எவை?

சேர்ந்தவுடன் அறிமுகப் பயிற்சி. அப்புறம் கை சுத்தம், கழிவுப் பிரிப்பு, ஊசி குத்தினால் செய்ய வேண்டியது, தீ பாதுகாப்பு, அவசரத்தில் ஆட்களை அழைக்கும் குறியீடுகள், நோயாளி உரிமைகள், நெஞ்சழுத்தி உயிர்மீட்கும் சி.பி.ஆர். இவை எல்லோருக்கும் பொது. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 பற்றிய விழிப்புணர்வும் சேரும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும்.

மற்றவை வேலையைப் பொறுத்தவை. ரத்தம் ஏற்றும் வார்டுக்கு ஒன்று, ஐ.சி.யூ.வுக்கு ஒன்று, எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு ஒன்று. அந்த டெக்னீஷியனை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும். கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும். நான் பார்த்த பாதி இடங்களில் பேட்ஜ் எக்ஸ்ரே அறை ஆணியிலேயே ஏப்ரனோடு தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கொரு முறை அது பரிசோதனைக்குப் போகிறது. அளந்து வருவது ஆணி வாங்கிய கதிர்வீச்சைத்தான்.

எல்லோரும் கையெழுத்துப் போட்ட வருகைத்தாள் இருக்கிறது. போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில் ஆய்வாளர் பயிற்சி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். தொற்றுக் கட்டுப்பாடு வகுப்பு, 42 கையெழுத்து, குரூப் போட்டோ, பின்னால் வினாத்தாள். அழகான ஃபைல். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அவர் அடுத்ததாக ஹெச்.ஆரிடம் விடுப்புப் பதிவேடு கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினார். வகுப்பு நடந்த தேதியில் அந்த சிஸ்டர் மகப்பேறு விடுப்பில், குழந்தை பிறந்து பதினோராம் நாள். அவருக்காகக் கையெழுத்துப் போட்டது அவருடைய நல்ல தோழிதான், நல்லெண்ணத்தில். ஆய்வாளர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மூடி வைத்தார். அதன் பிறகு அந்த ஃபைலில் இருந்த எந்தத் தாளையும் அவர் நம்பவில்லை. மீதி 41 பேரும் நிஜமாகவே வந்திருந்தார்கள் என்பதைச் சொல்லக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை.

வகுப்பு நடந்தது என்பதற்கு மட்டும்தான் வருகைத்தாள் சாட்சி. கற்றுக்கொண்டார்களா என்பதற்கு இல்லை. அதற்கு வகுப்புக்கு முன்னும் பின்னும் ஐந்தே கேள்வி வைத்து மதிப்பெண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியம், இரண்டு வாரம் கழித்து வார்டுக்குப் போய் அவர்கள் கையைப் பாருங்கள். “வேலையில் கவனித்தோம், சரியாகச் செய்தார்” என்று தேதியோடு ஒரு வரி எழுதி வைத்தால், அது பத்து குரூப் போட்டோவுக்குச் சமம்.

ஆய்வாளர் ஊழியர்களிடம் என்னதான் கேட்பார்?

விதியின் எண்ணைக் கேட்க மாட்டார். செய்து காட்டச் சொல்வார். ஒரு நாள் நான் கூடவே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

கழிவைப் பிரித்துப் போட நிறவாரியாகத் தொட்டிகள் உண்டு. சிஸ்டர் மருந்து ஏற்றி முடித்த நேரம். “அந்த ஆம்ப்யூலை எங்கே போடுவீர்கள்?” மருந்து இருந்த அந்தச் சின்னக் குப்பி கண்ணாடி, ஆகவே நீலம். “சிரிஞ்ச்?” ஊசியைத் தனியே வெட்டி, குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவில், மீதிப் பிளாஸ்டிக் சிவப்பில். “கையுறை?” சிவப்பு. “ரத்தம் நனைந்த பஞ்சு?” மஞ்சள். இதுவரை கடகடவென்று வந்தது. “சரிம்மா, டிரிப்ஸ் பாட்டிலைச் சுற்றியிருந்த கவர்?” சிஸ்டர் யோசித்தார். அது நோயாளி மேல் படாத வெறும் பிளாஸ்டிக் உறை, பொதுக் குப்பை. அவர் சிவப்பு என்றார். பயந்தால் எல்லாமே சிவப்பாகத் தெரியும். ஆய்வாளர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து ஹவுஸ்கீப்பிங் அக்கா. “தரையில் ரத்தம் கொட்டிவிட்டது, என்ன செய்வீர்கள்?” அக்கா கையுறை போட்டார், மேலே உறிஞ்சும் துணியைப் போட்டார், கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் ஊற்றிப் பத்து நிமிடம் விடுவேன் என்றார். “எவ்வளவு கலப்பீர்கள்?” 5 சதவீதப் பாட்டிலில் இருந்து 200 மில்லி, தண்ணீர் 800 மில்லி. ஒரு சதவீதக் கரைசல் கிடைத்துவிடும். அக்கா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. பக்கெட்டில் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தோம்: மருந்து இதுவரை, தண்ணீர் அதுவரை. அந்தக் கோட்டைத்தான் அவர் காட்டினார். அன்றைக்கு முழு மதிப்பெண் வாங்கியது அந்தப் பக்கெட்.

நோயாளியை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்றும் நிச்சயம் கேட்பார்கள். “ஏழாம் பெட்” என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது. பெயரும் பதிவு எண்ணும், இரண்டும் கைப்பட்டையில் பார்த்து.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி எல்லாம் ஒப்பந்தக்காரர் ஆட்கள். அவர்களுக்குப் பயிற்சி தருவது யார் பொறுப்பு?

உங்கள் பொறுப்பு. கழிவு விதிகளின்படி மருத்துவமனையை நடத்துபவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். சம்பளம் யார் கையால் போகிறது என்பது அங்கே எடுபடாது.

நடைமுறைச் சிக்கல் மொழி. இப்போது பல இடங்களில் துப்புரவு ஊழியர்கள் ஒடிசா, பீகார், அசாமில் இருந்து வருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் பவர்பாயிண்ட் போடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று. அவர்களிலேயே தமிழ் கொஞ்சம் பிடிபட்ட ஒருவரை நிற்க வைத்து, நிஜத் தொட்டியை நடுவில் வைத்து, காலி டிரிப்ஸ் செட்டையும் கையுறையையும் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். தொட்டிக்கு மேல் ஒட்டும் போஸ்டரில் எழுத்தைவிடப் படம் பெரிதாக இருக்கட்டும்.

நைட் டூட்டி ஆட்களை எப்போது வகுப்புக்குக் கூப்பிடுவது?

டூட்டி முடிந்து காலை எட்டரைக்குக் கூப்பிடாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஹேண்ட் ஓவர் நேரத்தில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அல்லது இரவு பதினொன்றரைக்கு, மருந்து ரவுண்டு முடிந்த பிறகு, நீங்களே வார்டுக்குப் போங்கள். இன்சார்ஜ்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தீப்பிடிப்பதும் நெஞ்சு நின்றுபோவதும் பகல் ஷிஃப்ட் பார்த்து வருவதில்லையே.

மருத்துவமனை நடைமுறை மேனுவலை ஒரு கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்தார். அதையே வைத்துக்கொள்ளலாமா?

முதலில் படித்துப் பார்த்தீர்களா? எழுபது படுக்கை மருத்துவமனை ஒன்றின் மேனுவலில், “எம்.ஆர்.ஐ. அறைக்குள் செல்லும்முன்” என்று இரண்டு பக்கம் பார்த்திருக்கிறேன். அங்கே எம்.ஆர்.ஐ.யே கிடையாது. எங்கோ எழுதியது ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. பக்கத்தைக் கிழித்துவிடலாம். மாட்டிவிடுவது உங்களால் செய்ய முடியாத விதி. ரத்தம் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் படுக்கையருகே நின்று பை எண்ணையும் நோயாளியின் பெயரையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு, கூடவே இருந்து கவனிக்க வேண்டும். ஆரம்பித்து நான்கு மணி நேரத்துக்குள் பை முடிய வேண்டும். இவை தேவையான விதிகள், எல்லா இடத்திலும் செய்யக்கூடியவை. ஆனால் காபி அடித்த மேனுவலில் “ஐந்து நிமிடத்துக்கொரு முறை ரத்த அழுத்தம் பதிவு செய்யப்படும், கடைசி வரை” என்று இருக்கும். இருபது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர் உள்ள இரவில் யார் செய்வது?

அப்போது என்ன ஆகும் தெரியுமா? காலையில் கேஸ் ஷீட்டை நிரப்புவார்கள். ஒரே மை, ஒரே சாய்வு, வரிசையாக 120/80, 120/80, 120/80. பார்த்தவுடன் தெரிந்துவிடும். உயிருள்ள மனிதனின் ரத்த அழுத்தம் அப்படி அசையாமல் நிற்காது. அந்த சிஸ்டரைப் பொய் எழுத வைத்தது மேனுவலை எழுதியவர்தான் என்பது என் கட்சி. ஆகவே விதியை எழுதும்போது அந்த வார்டின் நைட் சிஸ்டர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். “இது முடியாது மேடம்” என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வரியையும், ஒன்று ஆள் போட்டு முடிய வையுங்கள், இல்லை மாற்றி எழுதுங்கள்.

டாக்டர்கள் வகுப்புக்கு வருவதே இல்லை.

வர மாட்டார்கள். அவர்களுடைய துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வார்டின் தொற்றுக் கணக்கைப் பெயர் இல்லாமல் காட்டுங்கள். கணக்கைப் பார்த்தால் டாக்டர்கள் உட்காருவார்கள். விசிட்டிங் கன்சல்டன்ட்டாக இருந்தாலும் மருத்துவ கவுன்சில் பதிவுச் சான்றும், எந்தெந்தச் சிகிச்சை செய்ய அனுமதி என்ற பட்டியலும் ஃபைலில் இருந்தாக வேண்டும். அதில் சலுகை கிடையாது.

கை கழுவும் விகிதம் 98 சதவீதம் என்று ரிப்போர்ட் வைத்திருக்கிறோம். நல்லதுதானே?

யாரும் நம்ப மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும்முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டபின். இப்படிக் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய வாய்ப்பு எத்தனை வந்தது, அதில் எத்தனை முறை செய்தார்கள் என்பதுதான் கணக்கு. 20 வாய்ப்பில் 13 முறை என்றால் 65 சதவீதம். ஃபைலோடு போய் முன்னால் நின்று எண்ணினால் எல்லோரும் கழுவத்தான் செய்வார்கள். சார்ட் எழுதுவதுபோல ஓரமாக உட்கார்ந்து எண்ணுங்கள். எங்களுக்கு முதல் முறை 41 சதவீதம் வந்தது. எம்.டி. முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரமே ஒவ்வொரு கட்டில் காலிலும் கையில் தேய்க்கும் கிருமிநாசினியான ஹேண்ட்ரப் பாட்டில் மாட்டினார்கள். அதுவரை வார்டு முழுக்க ஒன்றுதான், அதுவும் நர்சிங் ஸ்டேஷனில்.

ஊசி குத்திவிட்டது. சொன்னால் திட்டுவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இப்போதே சொல்லுங்கள், இதைப் படித்து முடித்துவிட்டுக்கூட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை பி வைரஸ் தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தடுப்பூசி மூன்றும் முடித்தவரா, எதிர்ப்பு அளவு பார்த்தாயிற்றா என்பது ஹெச்.ஆர். ஃபைலில் இருக்க வேண்டும்.

இன்சார்ஜ்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண்டு முழுதும் ஊசி குத்திய சம்பவம் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

தீ ஒத்திகைக்கு போட்டோ எடுத்தால் போதுமா?

மொட்டை மாடியில் தகர டப்பாவில் தீ மூட்டி, செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் மட்டும் அணைப்பார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதுதான் பல இடத்தில் ஒத்திகை.

2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீ இல்லை, மேல் மாடிகளுக்கு ஏறிய புகை. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிலர் மயங்கிக் கிடந்தார்கள். தீ என்றால் லிஃப்டைத் தொடாதே என்பது எல்லோருக்கும் தெரியும். நடக்க முடியாத அப்பாவோடு மூன்றாம் மாடியில் நிற்பவருக்கு, லிஃப்ட் இல்லாமல் எப்படி என்பதை யாராவது காட்டியிருக்கிறோமா?

ஆகவே அணைப்பானைவிட ஆட்களை நகர்த்துவதைப் பழக்குங்கள். முதலில் அதே மாடியில் புகை இல்லாத அடுத்த பகுதிக்கு, பிறகுதான் கீழே. பெட்ஷீட்டோடு ஒருவரைத் தூக்கிப் படியிறங்கிப் பாருங்கள். நாங்கள் எழுபது கிலோ எடையுள்ள வார்டு பாயைப் படுக்க வைத்துத் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டோம். அங்கே பழைய கட்டில்கள் இரண்டு சாத்தி வைத்திருந்தது அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆக்ஸிஜன் வால்வை மூடுவது யார் முடிவு என்பதையும் தாளில் எழுதுங்கள். வெண்டிலேட்டர் நோயாளிக்குச் சிலிண்டர் மாற்றாமல் மூடினால் அது வேறு விபத்து. அணைப்பானுக்கு நான்கு சொல் போதும்: பின்னை இழு, தீயின் அடியைக் குறிபார், அழுத்து, இடவலமாக வீசு.

அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். எங்களுக்கும் இதுதானா?

உங்களுக்கு தேசியத் தர உறுதி விதிகளான என்.க்யூ.ஏ.எஸ்., பிரசவ அறைக்கு லக்ஷ்யா, சுத்தத்துக்கு காயகல்ப். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என மதிப்பெண். பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் படிப்பது, நோயாளியிடம் கேட்பது என நான்கு வழியில் சரிபார்ப்பார்கள். நான்கில் ஒன்றுதான் காகிதம் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குப் படுக்கைக்கு மேல் நோயாளிகள், எங்களுக்கு லாபக் கணக்கு. கஷ்டம் வேறு வேறு, பயிற்சி ஒன்றுதான்.

பயிற்சி கொடுத்த சிஸ்டர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள். எதற்குச் செலவு செய்ய?

வளைகுடா, ஜெர்மனி, அரசு வேலை என்று போகத்தான் செய்வார்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். பயிற்சி கொடுக்காத சிஸ்டர் ஆறு மாதம் உங்களிடமே இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாதி மருத்துவமனைகள் கேட்காத கேள்வி, ஏன் போகிறார்கள் என்பது. இரட்டை ஷிஃப்டையும் சம்பளத்தையும் சரிசெய்யாமல் பயிற்சி நாட்காட்டி மட்டும் போட்டால், ஒவ்வொரு மாதமும் அறிமுக வகுப்பே நடத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நோயாளியின் வீட்டார் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்?

வரவேற்பறையில் மாட்டிய சான்றிதழை விடுங்கள். மருந்து கொடுக்கும்முன் பெயரைக் கேட்கிறார்களா, கைப்பட்டையைப் பார்க்கிறார்களா? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, கையெழுத்துக்கு முன் யாராவது விளக்கினார்களா? “கை கழுவினீங்களா சிஸ்டர்?” என்று கேளுங்கள். பழகிய இடத்தில் கோபப்பட மாட்டார்கள்.

ஆய்வில் என்.சி., அதாவது விதிக்கு ஒவ்வாத குறை என்ற குறிப்பு, வந்துவிட்டது. “மீண்டும் பயிற்சி தரப்பட்டது” என்று எழுதி முடித்துவிடலாமா?

எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எங்களுக்கும் ஒரு முறை “கண்ணாடி ஆம்ப்யூல் சிவப்புத் தொட்டியில் கிடந்தது” என்று வந்தது. மறுபயிற்சி, கையெழுத்து, போட்டோ. மூன்று மாதம் கழித்து எங்கள் சொந்தச் சோதனையில் அதே தொட்டியில் அதே ஆம்ப்யூல். அப்புறம்தான் அந்த வார்டில் போய் ஒரு மருந்து ரவுண்டு முழுக்க நின்று பார்த்தேன். மருந்து டிராலியில் சிவப்புத் தொட்டி இருந்தது, வெள்ளை டப்பா இருந்தது. நீலப் பெட்டி வார்டின் மறுகோடியில், கழிவறைக்குப் பக்கத்தில். சிஸ்டர்களுக்கு விதி நன்றாகவே தெரிந்திருந்தது. டிராலியில் ஒரு சின்ன நீலப் பெட்டி மாட்டினோம்.